தொட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

மைசூரு நகரின் புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம் உடையவை. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டிய ஆலயம் அது. டிசம்பர் பிறந்ததும் அதனைச் சுற்றியுள்ள வீடுகளில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். நாற்றுப் பண்ணைகளில் அடுக்கடுக்காகக் கிளை விரித்த பசுங்கன்றுகள் சிறு தொட்டிகளில் அணிவகுத்து நிற்கும். அவற்றை ஆசையுடன் வாங்கிச் செல்வோர் பலர். ஆனால் பொங்கல் வருவதற்குள் அக்கன்றுகளில் சில வாடிக் குப்பை வண்டியில் ஏறிவிடுகின்றன. உயிருள்ள மரம் ஒன்றை மூன்று வாரத் தோரணமாகக் கருதுவது முறையன்று.

மக்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கும் அக்கன்றின் பெயர் அரக்கேரியா. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே பசிபிக் பெருங்கடலில் உள்ள நார்ஃபோக் தீவு அதன் தாயகம். ஜெர்மனியில் தொடங்கிய கிறிஸ்துமஸ் மர வழக்கத்திற்குரிய ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்கள் வேறு. அவை குளிர்நாட்டு மரங்கள். 1848ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் லண்டன் இதழொன்றில் வெளிவந்தபின், அவ்வழக்கம் ஆங்கிலேயரிடையே வேகமாகப் பரவியது. தென்னிந்தியாவில் அம்மரங்கள் கிடைக்காமையால் அவற்றின் இடத்தை அரக்கேரியாவும் சவுக்கும் பெற்றன.

இவ்விரண்டில் தமிழருக்கு நெருக்கமானது சவுக்கே. அதுவும் வந்தேறிய மரந்தான். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது சென்னை மாகாணத்தின் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகின. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துத் தருவதால், வறண்ட மணலிலும் அது செழிக்கிறது. ஊசியிலை போலத் தோன்றுபவை உண்மையில் கணுக்கணுவாக அமைந்த மெல்லிய பசுந்தண்டுகள். இலைகளோ அக்கணுக்களில் சிறு பற்களைப் போல ஒட்டியிருக்கும். கடலூர், விழுப்புரம் பகுதிகளில் உழவர்கள் அதனை நட்டுச் சில ஆண்டுகளில் கழிக்காக வெட்டுகின்றனர். கழி போக எஞ்சும் கிளையொன்றை ஈரமணல் நிரப்பிய வாளியில் ஊன்றி அலங்கரித்தால் அதற்கெனத் தனியே ஒரு மரம் சாவதில்லை. கன்னடத்தில் சர்வே மரம் எனப்படுவதும் இதுவே. ஆதலின் மைசூருவில் இதனைத் தேடுவோர் அப்பெயரைச் சொல்லிக் கேட்டல் நலம்.

பிளாஸ்டிக் மரமே சிக்கனம் என்று வாதிடுவோரும் உளர். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் நிறுவனம் இதனைக் கணக்கிட்டுள்ளது. இரண்டு மீட்டர் உயரமுள்ள செயற்கை மரத்தால் உண்டாகும் கரிமச் சுமை ஏறத்தாழ 40 கிலோ. அதே உயரமுள்ள உண்மை மரம் குப்பைமேட்டில் புதைந்து மட்கினால் 16 கிலோ. அதனைச் சிராய்களாக்கி மண்ணில் பரப்பினாலோ 3.5 கிலோவே. ஆகவே பிளாஸ்டிக் மரம் வைத்திருப்போர் அதனைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்துவதே பொருத்தம். அதனை வீசிவிட்டு வேறு வாங்குவதில் எச்சிக்கனமும் இல்லை. இக்கணக்கில் கருதத்தக்கது இன்னொன்றும் உண்டு: உண்மை மரத்தின் நன்மை, விழா முடிந்தபின் அதற்கு நேரும் முடிவைப் பொறுத்தது.

அரக்கேரியா வாங்க விரும்புவோர் முதலில் அதன் உச்சியை நோக்க வேண்டும். நேராக நிமிர்ந்த ஒற்றைக் குருத்து இருத்தல் இன்றியமையாதது. குருத்து ஒடிந்தால் மரத்தின் கூம்பு வடிவம் கெடும். உதிர்ந்த அடிக்கிளைகளின் இடத்தில் புதியவை எளிதில் முளைப்பதில்லை. பக்கக்கிளையை வெட்டி வேர்விடச் செய்தால் அது நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும் இயல்புடையது! எனவே கனமான பொம்மைகளை அதன் குருத்தில் தொங்கவிடலாகாது. வெண்பனி போலத் தோன்றச் சாயம் தெளிப்பதும் தீது. வெளிச்சமுள்ள சாளரத்தருகே வைத்து, மேல்மண் உலர்ந்தபின் நீர் ஊற்றி, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் மரம் ஒருபுறம் சாயாது. அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மைசூருவின் டிசம்பர்க் குளிர் அதற்கு உகந்தது; ஏப்ரல் மாத நண்பகல் வெயிலில் மட்டும் நிழல் தேவை.

விழா முடிந்தபின் செய்ய வேண்டிய வேலையே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. தூய்மையான நகரங்களின் தேசியப் பட்டியலில் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்ற நகரம் மைசூரு. அத்தகைய நகரிலும், சரிகைத் தாளும் பஞ்சும் மின்கம்பியும் சுற்றிய கிளையொன்றை அப்படியே வீசினால் அதனை உரமாக்க இயலாது. அலங்காரங்களை ஒவ்வொன்றாக நீக்குதல் வேண்டும். சிறு கிளைகளை நறுக்கிச் செடிகளின் அடியில் பரப்பலாம். தடித்த கிளை அவரைக்கொடிக்குக் கொழுகொம்பாகும்.

தொட்டி மரத்தின் நிலை இவ்வளவு எளிதன்று. தாயகத்தில் 50 மீட்டருக்கு மேல் உயரும் மரம் அது. வாடகை வீட்டில் வாழும் குடும்பத்திற்கு மண் இல்லை. அரசுப் பணியாளர் குடும்பமாயின் மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்பதும் தெரியாது. நற்றிணைப் பாடலொன்றில் விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துப் புன்னையாக, அதனைப் பெண்ணொருத்திக்குத் தங்கை என்கிறாள் அவளுடைய தாய். அப்புன்னை முளைத்த இடத்திலேயே நின்றது. இடம்பெயரும் குடும்பத்தின் பிள்ளைக்கு அப்பேறு இல்லை. பேணி வளர்த்ததை ஊரிலேயே விட்டுச் செல்ல நேர்கிறது. ஆதலால் மூன்றாம் ஆண்டில் இம்மரம் எங்கே நிற்கும் என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே வீட்டார் கன்றை வாங்குவது முறை. பள்ளி வளாகமோ ஆலய வளாகமோ மண் வைத்திருக்கும் அண்டை வீட்டாரோ முன்னரே இசைவு தந்திருக்க வேண்டும். மின்கம்பிக்கு நேர்கீழே நட்டால், பின்னாளில் மின்பணியாளர் வெட்டுவது அந்த ஒற்றைக் குருத்தைத்தான். இடம் கிடைக்காத வீட்டாருக்குச் சவுக்குக் கிளையும் ஒரு வாளி மணலும் போதும்.