மகள் ஓட்டட்டும் சைக்கிள்!

எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா? வெளியே போய்வர வழி வேண்டாமா?

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பாடத்தோடு சைக்கிளும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார்.

சிலர் கேலி பேசினார்கள். பெண்கள் அஞ்சவில்லை. கல் உடைப்பவர்களும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தை, பின்னால் தண்ணீர்க்குடம்! பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் மிச்சமானது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள்.

இன்று அரசுப் பள்ளிகளில் 11-ம் வகுப்பு மாணவிகளுக்கு அரசே இலவச சைக்கிள் தருகிறது. பெற்றோர்களே! அதை அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுத்துவிடாதீர்கள். மகளுக்கு வந்த சைக்கிளை மகளே ஓட்டட்டும்!