பற்றரி வெயிலில் காய்ந்த காலம்

இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரையை ஒட்டிய ஒரு தங்குமிடத்தைப் புதுப்பிக்கிறார்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்க ‘எயிட்டீஸ்’ என்று முடிவாம். கொழும்பிலிருந்து ஒரு டிசைனர், மட்டக்களப்பிலிருந்து ஒரு புகைப்படக்காரர், எஃப்.எம். ஒன்றில் இரவு நிகழ்ச்சி செய்யும் ஒரு தம்பி என மூன்று பேர் போன மாதம் என் வீட்டு மாமர நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். பழைய கசட், பழைய ரேடியோ, சினிமா நோட்டீஸ் ஏதும் இருந்தால் இரவல் வேண்டுமாம். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒருவர்கூட 1990க்கு முன் பிறந்தவரில்லை.

“நானா, எயிட்டீஸ் எண்டா அது தங்கமான காலம்தானே?” என்று டிசைனர் ஆரம்பித்தார். மற்ற இருவரும் ஆளுக்கொரு காரணம் அடுக்கினார்கள். வீடு தேடி வந்தவர்களோடு என்ன வாதம் என்று சீனியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமலிருந்தேன். எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை. அவர்கள் சொன்னதும் அவர்களுடைய சொந்தச் சரக்கல்ல. தொலைக்காட்சிப் பட்டிமன்றத்திலிருந்து சினிமாக்காரர் நேர்காணல்வரை எல்லோரும் சொல்வதுதான்.

முதலாவது வானொலித் தம்பி சொன்னது. அப்போது ஊரே ஒரே பாட்டைக் கேட்டதாம், இப்போது ஆளுக்கொரு காதில் ஆளுக்கொரு பாட்டாம்.

ஊருக்கு நாலு ரேடியோ இருந்தால் ஊர் சேர்ந்துதான் கேட்கும். அதற்குப் பெயர் தட்டுப்பாடு. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. ரேடியோவுக்கு நாலு பெரிய பற்றரி. சத்தம் கம்மத் தொடங்கினால் மூத்தம்மா அவற்றைக் கழற்றி உச்சி வெயிலில் தகரத்தின் மேல் வரிசையாக வைப்பா. அஸர் நேரத்தில் எடுத்துப் போட்டால் இன்னொரு அரை மணித்தியாலம் இழுக்கும். அந்த அரை மணித்தியாலத்தை எதற்குச் செலவழிப்பது என்பதில்தான் வீட்டுச் சண்டை. கே. எஸ். ராஜாவின் வேகத்துக்கும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்புக்கும் நாங்கள் அடிமைகள், அதை மறுக்கவில்லை. ஆனால் வாப்பா விடமாட்டார். பாட்டுக்குப் பற்றரி கரைந்தால் இரவு பிபிசி தமிழோசைக்கு என்ன செய்வது? எந்த ரோட்டில் சுற்றிவளைப்பு, எங்கே ஊரடங்கு, நாளைக்கு வலை இழுக்கப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் லண்டனிலிருந்தும் மணிலாவின் வெரித்தாஸிலிருந்தும்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஊரே மூச்சடக்கி ஒன்றாகக் கேட்டது உண்மைதான் தம்பி. கேட்டது பாட்டை அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 80களின் நடுவில் எங்கள் நிலாவெளிப் பக்கமே ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி அஞ்சல் நிலையம் அமைத்தது. வானத்தைத் தொடும் கோபுரங்கள். ஜெர்மனிக்காரன் பேசுவதை ஆசியா முழுக்கக் கொண்டுபோனது எங்கள் காற்று. நாங்கள் பற்றரி காயவைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, பாட்டின் தரம். அப்போது வந்ததெல்லாம் முத்தாம்.

வந்ததெல்லாம் அல்ல, நின்றதெல்லாம். இளையராஜா சில ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். அவற்றில் எத்தனை படத்தின் பெயர் இன்று உங்களுக்கு ஞாபகம்? ‘மூன்றாம் பிறை’, ‘முதல் மரியாதை’, ‘சிந்து பைரவி’, ‘மௌன ராகம்’ என்று பத்துப் பதினைந்தோடு மூச்சு வாங்கும். கரைவலையில் வந்த குப்பையையெல்லாம் கடலில் தட்டிவிட்டு, பாரைக்குட்டியை மட்டும் கூடையில் எடுத்துப் போனவன் ‘இன்றைக்குக் கடலில் பாரைதான்’ என்றால் எப்படி? அந்த மனிதனின் மேதைமையில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மேதைமை அவருடையது, பத்தாண்டினுடையது அல்ல.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. சுவருக்கென்று டிசைனர் காட்டிய படங்கள் எல்லாம் சென்னை. ஒன்றுகூட இந்தத் தீவில் எடுத்ததில்லை. ‘பொன்மணி’ 1977இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவலை வைத்து, நம்மைப் போன்ற கடற்கரைச் சனத்தைப் பற்றி ‘வாடைக்காற்று’ 1978இல் வந்தது. பிறகு எங்கே போனது இலங்கைத் தமிழ்ச் சினிமா? 1983 ஜூலையில் வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். கே. குணரத்தினத்தின் ஸ்டூடியோ அது. தமிழ்ப் படங்களோடு சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து சாம்பலாயின. நம் 80களின் சுவரில் சென்னைப் படம் தொங்குவதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. நம்முடைய சுவரொட்டி எரிந்துபோனது.

இதிலிருந்தே மூன்றாவதுக்குப் போய்விடலாம். புகைப்படக்காரர் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாய்ந்து சொன்னார்: “கள்ளம் கபடம் இல்லாத காலம் நானா. கலைஞனெண்டா சனம் தலையில வெச்சுக் கொண்டாடின காலம்.”

தேத்தண்ணி எனக்குப் புரையேறிப் போனது அப்போதுதான்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 நூல்களோடு. 1983 ஜூலையில் திருகோணமலை நகரத்தில் கடற்படையினரே தெருவில் இறங்கி வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். 1985இல் எங்கள் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சனம் கிளம்பியது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. பாயும் பானையும் கையுமாக ரோட்டில் நின்றவர்களைப் பார்த்த பிள்ளை நான். பதினாலு வயது.

கலைஞர்களின் கதைக்கு வருவோம். சிங்களப் படங்களை இயக்கிக்கொண்டிருந்த தமிழர் கே. வெங்கட் அதே 1983 ஜூலையில் கொல்லப்பட்டார். சிங்களச் சினிமாவின் நாயகன் விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரி 16இல் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். பாடலாசிரியரும் இலங்கை வானொலி அறிவிப்பாளருமான பிரேமகீர்த்தி த அல்விஸை 1989 ஜூலை கடைசி நாளில் கொன்றார்கள். ஸ்டூடியோவை எரித்தது போதாதென்று குணரத்தினத்தையும் அதே ஆண்டில் சுட்டார்கள். நாங்கள் பற்றரி கரையக் கரையக் கேட்ட அந்தக் கே. எஸ். ராஜாவும் பின்னாளில் கொலையுண்டுதான் போனார். ஒரே தரப்பு செய்த வேலையல்ல இவை. தென்னிலங்கையில் ஒரு துவக்கு, வடகிழக்கில் வேறொரு துவக்கு. தலையில் வைத்துக் கொண்டாடினார்களாம். தலைக்குத்தான் குறிவைத்தார்கள்.

அந்தக் காலத்தில் படைப்பே இல்லையென்று சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ‘மரணத்துள் வாழ்வோம்’ கவிதைத் தொகுப்பு வந்தது 1985இல். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ மேடையேறியதும் அதே ஆண்டு. அடுத்த ஆண்டு பெண்களின் கவிதைகள் மட்டுமாய்ச் சேர்த்து ‘சொல்லாத சேதிகள்’ வந்தது. மெலிந்த புத்தகம். இவையும் எயிட்டீஸ்தான். கசட் ரேடியோவுக்குப் பக்கத்தில் இதில் ஒன்றின் அட்டையை மாட்ட எந்த டிசைனருக்காவது தோன்றியிருக்கிறதா?

நாலாவது, வியாபாரம். “சனம் கேக்குது, நாங்க குடுக்கிறோம்.” எல்லாத் தொழிலிலும் சொல்வதுதான். சனம் தானாகக் கேட்கவில்லை, காட்டக் காட்டக் கேட்கிறது. 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் ஒலித்ததால்தான் கேட் புஷ் 1985இல் பாடிய பாட்டு பிரித்தானியத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் கேட் புஷ் வேண்டுமென்று அழவில்லை. தமிழிலும் அதே கைதான். நாயகன் நடந்து வரும்போது பழைய பாட்டின் முதலடியைத் தட்டிவிட்டால் தியேட்டரில் விசில். பாட்டுக்கு உடையவர் நோட்டீஸ் விடுகிறார். ‘குட் பேட் அக்லி’ விசயத்தில் இளையராஜா 2025இல் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார். புதிதாக ஒரு விசில் உண்டாக்குவதைவிடப் பழைய விசிலை வாடகைக்கு எடுப்பது சுலபம்.

ஏக்கமே கூடாதென்பதல்ல என் கட்சி. சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ 2008இல் வந்தது. கதை 1980 மதுரை. பெல்பாட்டம், தாடி, குழாய் ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. ஆனால் அந்த இனிமையான பாட்டுகளுக்கு அடியிலேயே கூடப் பழகியவன் காட்டிக்கொடுக்கிறான், கழுத்து அறுபடுகிறது. படம் பார்த்துவிட்டு ஒருவரும் அந்த ஊருக்குக் குடிபோக ஆசைப்படமாட்டார்கள். காலத்தை அலங்காரமாக வைக்காமல் சாட்சியாக வைத்தவர் அவர். செய்ய முடியுமென்பதற்கு அதுவே போதும்.

கைவேலை பற்றியும் சொன்னார்கள். கையால் எழுதிய பெயர்ப்பலகை, தூரிகையால் தீட்டிய பேனர். சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். வள்ளத்து அணியத்தில் பெயர் எழுதும் கை இப்போது எங்கள் பக்கம் அருகிவிட்டது. டிஜிட்டல் எழுத்து ஒட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு மாரிக்கு உரிந்துவிடுகிறது.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை இத்தனை எழுத வைத்தது. டிசைனர் தன் போனில் ஒரு கசட் ரேடியோவின் படத்தைக் காட்டினார். கொழும்புப் பழைய சாமான் கடையில் வாங்கியது. பாட்டுப் படிக்காது, உள்ளே புளூடூத் ஸ்பீக்கர் பொருத்தப் போகிறாராம். “அந்தக் காலத்துச் சாமானுக்கு ஒரு உசிர் இருந்திச்சு நானா,” என்றார்.

அதே ரகம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இரட்டைக் கசட், வெள்ளி நிறம், இரு பக்கமும் வலை போட்ட ஸ்பீக்கர். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் கடைகளில் இவை நிறைந்தன என்பார்கள். கடையில் வாங்க எங்களிடம் காசேது? எங்கள் கரையோரக் கிராமங்களுக்கு ரேடியோ வந்த வழி வேறு. 1984இல் என் உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. இந்த நாட்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்ற ஒன்றை அமைத்ததே 1985இல்தான். அதற்கு முன்பே எங்கள் தெருவில் மூன்று வீட்டில் உம்மா இல்லை. இரண்டு வருடம் கழித்து லீவில் வரும்போது அந்தச் செற்றைத் தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தா. அதற்கு உசிர் இருந்தது. யாருடைய உசிர் என்பதுதான் கேள்வி.

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் எங்களுக்கு வந்தது கடுதாசி அல்ல, கசட். லீவில் வரும் யாராவது கையில் கொடுத்துவிடுவா. செற் வரும்வரை அதைப் போட்டுக் கேட்க மாமி வீட்டுக்கு ஓட வேண்டும். நாங்களும் பதில் பேசி அனுப்ப வேண்டுமே, புதுக் கசட்டுக்குக் காசில்லை. டவுனில் ரெக்கோடிங் பாரில் காக்கா பட்டியல் கொடுத்துப் பதிந்து வைத்திருந்த சினிமாப் பாட்டுக் கசட்டைத்தான் எடுப்போம். கசட்டின் முதுகில் இரண்டு சின்னக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது, பாட்டுக்குப் பாதுகாப்பு. காக்கா உடைத்து வைத்திருந்தான். வாப்பா அந்த ஓட்டையில் கடதாசியைச் சுருட்டி அடைத்து, மேலே ஒட்டு டேப் ஒட்டினார். பதிந்தது. ‘பயணங்கள் முடிவதில்லை’ பாட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. காக்கா அன்று சோறு தின்னவில்லை.

அதே கசட் குவைத்துக்குப் போய், மறுபக்கத்தில் உம்மா பேசித் திரும்பி வந்தது. ஸலாம் சொல்லுவா, ஆட்டுக்குத் தவிடு வாங்கினீங்களா என்று கேட்பா, மழைக்கு முன் கூரை மேயச் சொல்லுவா. பின்னால் ஏசி இரைச்சல். அதற்கும் பின்னால் ஒரு குழந்தை அரபியில் அழும். எங்கள் தங்கச்சியின் வயதுதான் அதற்கும். உம்மா “இரிங்க மக்காள்” என்றுவிட்டு எழும்பிப் போவா, டேப் சும்மா ஓடும், அழுகை நிற்கும், திரும்பி வருவா. பேசி முடிந்து நிறுத்திய இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். அழியாமல் மிஞ்சிய பாட்டு பாதி அடியிலிருந்து தொடங்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டு எனக்குப் பாதியிலிருந்துதான் தெரியும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து செற்றையும் கசட்டுகளையும் கொண்டுபோனது. இப்போது என்னிடம் இருப்பது ஒரு கசட் உறை அட்டை மட்டும். அனுராதபுரத்தில் ராத்தா வீட்டுக் குர்ஆனுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்ததால் தப்பியது. ஏ பக்கத்தில் ரெக்கோடிங் பார்க்காரனின் அழகான கையெழுத்தில், நீலப் பேனையால் பாட்டு வரிசை. பி பக்கத்தில் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிவிட்டு வாப்பா எழுதியது இரண்டே சொல்: ‘உம்மா பேச்சு’.

டிசைனர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். ஏ பக்கத்தை வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.