ஓடும் வீட்டுக்கு நீளும் அறை தேவையா?

சாத்தூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஒரு கூடு. இழுத்தால் வெளியே வந்து, தள்ளினால் உள்ளே போகும் சிறு பெட்டி ஒன்று அதற்குள். இந்தத் தீப்பெட்டியைப் பஸ் அளவுக்குப் பெரிதாக்கி, உள்பெட்டியில் கட்டிலும் சோபாவும் சமையல் மேடையும் வைத்ததாக எண்ணிக்கொண்டால், 'ஸ்லைடு-அவுட்' என்கிற நீளும் அறையின் சூட்சுமம் விளங்கிவிடும்.

வண்டி ஓடும்போது அந்த அறை உள்ளே அடங்கிக் கிடக்கும். நிறுத்தியபின் பொத்தானை அழுத்தினால், மின்சார மோட்டாரோ ஹைட்ராலிக் தண்டோ அதை வண்டியின் பக்கவாட்டில் இரண்டடி, மூன்றடி வெளியே தள்ளும். குறுகலான வண்டி ஒரு நிமிஷத்தில் அகலமான வீடாகிவிடும். பார்ப்பவர்கள் அதிசயப்படுவார்கள். வாங்குகிறவர் அதிசயத்தோடு நின்றுவிடக்கூடாது. கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் பெரும்பாலோருக்குத் தெரியும். அந்த நிலை மாறி வருகிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. மறு வருஷம் வாகமண் மலையில் கேரவன்கள் தங்குவதற்கான இடமும் திறக்கப்பட்டது. தமிழக அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. பஸ் பாடி கட்டுவதில் பேர்போன கரூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்கு வழிச் சாலையோ சாத்தூரை ஒட்டியே போகிறது.

ஆகவே, வசதியுள்ள குடும்பம் ஒன்று நாளை ஓடும் வீடு ஒன்றைக் கட்டச் சொல்லலாம். நாலு குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். ஊரில் ஒருவர் வாடகைக்கு விடுவதையே தொழிலாகத் தொடங்கலாம். அப்போது முதலில் எழும் கேள்வி, 'பெரிய நீளும் அறை வைப்பதா, வேண்டாமா?' என்பதுதான். பணம் கையைவிட்டுப் போகுமுன் கேட்கவேண்டிய கேள்வி அது.

அகலத்தின் அருமை

முதலில் நன்மைகளைப் பார்ப்போம். நம் நாட்டுச் சட்டப்படி பஸ் போன்ற வண்டி 2.6 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது. அதாவது சுமார் எட்டரை அடி. சுவர்களின் கனத்தைக் கழித்தால் உள்ளே எட்டடி மிஞ்சும். அதில் ஆறடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் நடப்பதற்கு இரண்டடிதான். ஒருவர் எழுந்து போகவேண்டுமானால் மற்றவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும்.

அதே கட்டில் மூன்றடி வெளியே நீளுகிற அறையில் இருந்தால், நடக்கும் இடம் ஐந்தடியாகிவிடும். சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்புவதற்கு வேண்டிய இடமும் ஏறக்குறைய அந்த ஐந்தடிதான். அறையின் நீளம் பதினான்கு அடி என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கிடைப்பது 42 சதுர அடி. வீட்டில் அது பெரிய விஷயமல்ல. வண்டிக்குள் அது ஒரு ராஜ்யம்.

இந்த ஐந்தடியால் யாருக்கு லாபம்? முழங்கால் வலியால் பஸ்ஸில் ஏறமுடியாமல், பத்து வருஷமாகத் திருச்செந்தூர் போகவில்லையே என்று ஏங்குகிற பாட்டிக்கு லாபம். பக்கவாதம் வந்த தகப்பனாரை வெளியூர் அழைத்துப் போக நினைக்கும் மகனுக்கு லாபம். உடை மாற்றவும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவும் மறைவிடம் தேடித் தவிக்கும் பெண்களுக்கு லாபம். இவர்களுடைய தேவையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பிறந்த இடம் வேறு

ஆனால் இந்த அறை எந்த ஊருக்காகப் பிறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், நியூமார் என்ற கம்பெனி 1990-ஐ ஒட்டி இதை வீட்டு வண்டிகளில் கொண்டுவந்தது. பிறகு மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. ஓர் அறை இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று; ஒரு பக்கச் சுவர் முழுவதுமே வெளியே நகரும் வண்டிகளும் வந்தன.

அங்கே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். குளிர்காலம் வந்தால் தெற்கே போய் ஒரே இடத்தில் மூன்று மாதம் தங்குவார்கள். தங்குமிடத்தில் சமமான தரை, மின்சாரம், குழாய்த் தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் தயாராக இருக்கும். மூன்று மாதம் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு அறை நீளுவது மிகவும் நியாயமே.

நம்மவர் பிரயாணம் அப்படியா? வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன், சனிக்கிழமை திருச்செந்தூர், ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் குளியல், திங்கட்கிழமை காலையில் வேலை. ஓர் இடத்தில் ஓர் இரவு நின்றால் அதிகம். அந்த ஓர் இரவுக்காக நாள் முழுவதும் அறையின் பாரத்தைச் சுமந்து திரிய வேண்டும்.

அறையா, தண்ணீரா?

பாரம் என்றது வெறும் பேச்சுக்கல்ல. பெரிய நீளும் அறை ஒன்று, அதன் தண்டவாளம், மோட்டார், தரை, சுவர், உள்ளிருக்கும் சாமான் எல்லாம் சேர்ந்து சில நூறு கிலோ எடை வந்துவிடும். ஒவ்வொரு அச்சும் இவ்வளவுதான் தாங்கலாம் என்று சட்டத்தில் வரம்பு உண்டு. அறைக்குக் கொடுத்த எடையை வேறு எதிலாவது குறைத்துத்தான் ஆகவேண்டும்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. முந்நூறு கிலோ அறை ஏறினால் முந்நூறு லிட்டர் தண்ணீர் இறங்க வேண்டிவரலாம். வருஷத்தில் பெரும்பகுதி வைப்பாற்றில் மணலை மட்டுமே பார்க்கிற சாத்தூர் மக்களிடம் தண்ணீரின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டாம். ஐந்து பேர் குளித்துச் சமைத்துப் பாத்திரம் கழுவப் போதிய தண்ணீர் இருப்பது சௌகரியமா, மூன்றடி அகலம் கூடுவது சௌகரியமா? வண்டி கட்டுவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

கரிசலும் வேப்பமரமும்

நீளும் அறைக்கு இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று கோணல், மற்றொன்று ஈரம்.

வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். அறை நேராக ஓடாமல் ஒரு பக்கம் சிக்கும். வண்டியை மட்டப்படுத்த ஜாக்கிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த ஜாக்கிகளுக்கு அடியில் உறுதியான தரை வேண்டுமே! சாத்தூர்ச் சீமை கரிசல் பூமி. வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிக் குழைந்துவிடும். மாலையில் மட்டமாக நின்ற வண்டி, இரவு பெய்த மழையில் காலைக்குள் சாய்ந்திருக்கலாம். அப்போது வெளியே போன அறை உள்ளே வர மறுத்தால் பிரயாணம் அங்கேயே நின்றுவிடும். அறையை நீட்டிக்கொண்டு சாலையில் ஓட்ட முடியாதல்லவா?

அடுத்தது ஈரம். சுவரில் இவ்வளவு பெரிய ஓட்டை போட்டு, அதைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்துத்தான் மழையைத் தடுக்கிறார்கள். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வறண்டு வெடிக்கும். நாம் வண்டியை நிறுத்துவதோ வேப்பமரத்தடியில், புளியமரத்தடியில். அறையின் கூரைமேல் சருகும் சுள்ளியும் விழுந்து கிடக்கும். கூட்டித் தள்ளாமல் அறையை உள்ளே இழுத்தால், அவை ரப்பரில் மாட்டி இடைவெளி உண்டாக்கும். அந்த இடைவெளி வழியே தண்ணீர் இறங்கினால் தரைப்பலகை ஊறிப்போகும். நனைந்த தீப்பெட்டி திறப்பதும் மூடுவதும் எவ்வளவு பாடு என்பது தெரிந்ததுதானே!

மூடியிருக்கும்போது எப்படி?

விற்கிறவர் அறையை நீட்டி வைத்துத்தான் வண்டியைக் காட்டுவார். யாருக்கும் மனம் மயங்கும். ஆனால் வண்டி ஓடும் நேரமெல்லாம் அறை மூடியே இருக்கும். அப்போது எதிரெதிர் சோபாக்கள் முட்டிக்கொண்டு நிற்கும். சில வண்டிகளில் கழிப்பறைக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். விருதுநகர் தாண்டியதும் குழந்தை அழுதால் என்ன செய்வது? சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அறையை நீட்டலாமா?

அதிலும் ஒரு சங்கடம். நம் நாட்டில் வண்டி இடது ஓரமாக நிற்கும். வலது பக்க அறையை நீட்டினால் அது லாரிகள் பாயும் சாலைக்குள் மூன்றடி துருத்தும். இடது பக்கம் நீட்டினால் ஆட்கள் ஏறி இறங்கும் பக்கத்தை அடைக்கும். ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், அந்த நெரிசலில் இரும்பு மூலையோடு ஒரு சுவரை வெளியே தள்ளலாம் என்று சொல்லமாட்டார்கள்.

நம்மவர் கண்ட வழி

இருக்கன்குடியில் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடத்தில், வேன்களிலும் லாரிகளிலும் வந்து இறங்கும் குடும்பங்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். வண்டியை நிறுத்தியதும் அதன் பக்கத்திலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்து இரண்டு கழிகளில் கட்டுகிறார்கள். அதன் நிழலில் பொங்கல் பானை ஏறுகிறது, பெரியவர்கள் பாய் விரித்துப் படுக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அதற்கு முன் கூண்டு வண்டியில் வந்த தலைமுறையும் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டி நிழலில்தான் அடுப்பு மூட்டியது.

வெயில் கொளுத்தும் நாட்டில் மக்கள் வண்டிக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். காற்றும் நிழலும் அங்கேதான். ஆகவே இங்கே வண்டிக்கு முதலில் வேண்டியது நல்ல பந்தல். சுருட்டி வைக்கும் துணிப் பந்தல் பத்தடி நிழல் தரும், எடை குறைவு, பழுதானால் ஊர்த் தையற்காரரே தைத்துவிடுவார். நீளும் அறையின் மோட்டாரைப் பழுது பார்க்க வெகுதூரத்திலிருந்து ஆள் வரவேண்டியிருக்கும்.

எங்கே பொருந்தும்?

இதனால் பெரிய நீளும் அறை எங்குமே கூடாது என்று ஆகிவிடாது. ஓர் இடத்தில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் வண்டிக்கு அது வரப்பிரசாதம். பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் நிறைந்த கிராமங்களுக்கு மருத்துவப் பரிசோதனைக்காகச் செல்லும் வண்டியை நினைத்துப் பாருங்கள். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தினால் மாலையில்தான் கிளம்பும். டாக்டருக்கு ஓர் அறை, நோயாளி படுக்க ஓர் இடம், மறைவுக்கு ஒரு தடுப்பு. அங்கே 42 சதுர அடி பொன்னுக்குச் சமானம். தரையும் கெட்டி, நிறுத்தும் இடமும் முன்பே தெரிந்தது. அதேபோல், மலையடிவாரத்தில் இரண்டு மாதம் தங்கப்போகும் தம்பதிக்கும் அது தகும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ள குடும்பம் சிறிய அறை ஒன்றை மட்டும், கட்டில் அளவுக்கு, வைத்துக்கொள்ளலாம். சுவர் முழுவதும் நகரவேண்டியதில்லை. சிறிய அறைக்கு எடை குறைவு, ரப்பரின் நீளமும் குறைவு, கோளாறும் குறைவு.

மற்றக் குடும்பங்களுக்குப் பெரிய நீளும் அறை லாபத்தைவிடத் தொல்லையையே அதிகம் தரும். எப்படியும் வேண்டுமென்று தீர்மானித்தவர்கள் மூன்று காரியங்களைச் செய்யட்டும். அறையை மூடச்சொல்லி, உள்ளே நடந்து, கழிப்பறைக் கதவைத் திறந்து பார்க்கட்டும். மின்சாரம் போனால் கையால் சுழற்றி அறையை உள்ளே இழுக்க வழி இருக்கிறதா என்று கேட்டு, அதைச் செய்தும் காட்டச் சொல்லட்டும். தண்ணீரும் ஆட்களும் நிறைந்த நிலையில் வண்டியை எடைபோட்டுப் பார்க்கட்டும்.

முதலில் இடம்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஓடும் வீடுகள் வரவேண்டும் என்று சர்க்கார் விரும்புவது நல்லதே. ஆனால் அவை வந்து நிற்க இடம் எங்கே? கோயில் ஊர்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கெட்டித் தரை, குடிநீர், சுத்தமான கழிப்பறை, கழிவுநீர் போக வழி, இரவு முழுவதும் விளக்கு, இவை இருக்கும் மைதானங்கள் வேண்டும். அப்படிப்பட்ட இடம் லட்சக்கணக்கில் செலவழித்துக் கேரவன் கட்டியவருக்கு மட்டுமா பயன்படும்? வாடகை வேனில் வரும் விவசாயக் குடும்பத்துக்கும், ராத்திரி கண்ணயர இடம் தேடும் லாரி டிரைவருக்கும், பாதயாத்திரையாக வரும் பக்தருக்கும் பயன்படும்.

நிற்கும் இடம் அகலமானால் வண்டி குறுகலாக இருந்தாலும் பாதகமில்லை. நிற்க இடமே இல்லாதபோது வண்டியின் சுவரை மட்டும் நீட்டி என்ன பிரயோஜனம்?