குஞ்சுக்கு நாள் தவறவில்லை, குழந்தைக்கு?

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையிலே வேலை பார்க்கும் தோழனைக் கேட்டுப் பாருங்கள். முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவந்த குஞ்சுக்கு முதல் நாளே மேரக்ஸ் நோய்க்கு ஊசி. அய்ந்தாம் நாள், ஆறாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க லசோட்டா, கண்ணிலே ஒரு சொட்டு. பிறகு மறு சொட்டு. தேதி தவறினால் பண்ணை முதலாளிக்குத் தூக்கம் வராது! ஏன்? ஒரு கோழிக்குக் கழிச்சல் கண்டால் கொட்டகையே காலி என்பது அவருக்குத் தெரியும். அவர் கிருமி நூல் கற்றவரல்லர். நட்டக் கணக்குக் கற்றவர்.

அதே தோழன் வீட்டிலே ஒன்பது மாதக் குழந்தை. தட்டம்மை - ரூபெல்லா ஊசிக்கு நாள் வந்துவிட்டது. போடலாமா, வேண்டாமா என்று யோசனை! காரணம், கைப்பேசியிலே வந்த சேதி. எழுதியவர் யார்? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. எந்த மருத்துவர் சொன்னார்? அதுவும் தெரியாது. தெரியாதவன் எழுதியதைத் தெரிந்தவன் அனுப்புகிறான். தெரிந்தவன் அனுப்பியதாலேயே அது உண்மையாகிவிடுகிறது!

2017 பிப்ரவரியிலே இதைத்தானே கண்டோம்? ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், தமிழகத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல், அவர்களுக்கு இந்த ஊசி போட ஏற்பாடு. வாட்ஸ்அப் புரளி கிளம்பிற்று. பெற்றோர் பலர் மறுத்தனர். அந்த மாதத்தோடு முடியவேண்டிய பணி மார்ச்சிலும் நீண்டது. ஊசி போட்டால் பிள்ளை பிற்காலத்தில் மலடாகும் என்று கூசாமல் எழுதினார்கள். ரூபெல்லா என்ன செய்யும் தெரியுமா? கருவுற்ற தாய்க்கு முதல் மாதங்களில் வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை, காதில் செவிடு, இதயத்தில் ஓட்டை. நாளை தாயாகப் போகிறவளின் வயிற்றைக் காக்கும் ஊசியை, வயிற்றைக் கெடுக்கும் ஊசி என்றார்கள்!

அஞ்சுகிறவரை ஏசுவது என் வேலையல்ல. அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2008 ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்திலே, தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் மாண்டன. அதை மூடி மறைப்பானேன்? நான்கு தாய்மார்களின் கதறல் அது. அதன் பிறகு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேதான் ஊசி என்று ஏற்பாட்டை மாற்றினார்கள். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் தெருக்கோடியில் கிடைத்தது, பேருந்து ஏறிப் போகவேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: எல்லா ஊசியும் முறையாகப் போட்டுக்கொண்ட ஒரு வயதுப் பிள்ளைகள் 2005-06இல் தமிழகத்தில் நூற்றுக்கு 81, 2015-16இல் 70! அச்சம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அச்சமும் தொலைவும் கைகோத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2019-21இல் 89க்கு ஏறிற்று. ஏறியது இறங்காது என்று யார் உறுதி கூறமுடியும்?

படித்தவர் வீட்டிலே வேறொரு புரளி: ஆட்டிசம் வருமாம்! 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்துக்கொண்டு கட்டிவிட்ட கதை. வெளியிட்ட லான்செட் ஏடே 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே அவர் பெயர் மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கிலே ஆறரை லட்சம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2019இல் அறிவித்தார்கள்: தொடர்பில்லை. பன்னிரண்டு பெரிதா, ஆறரை லட்சம் பெரிதா?

ஊசியால் ஒன்றுமே வராது என்று நான் சொன்னால் நாளைக்கு என்னை நம்பமாட்டீர்கள். வரும். ஆறு, பத்து, பதினான்காம் வாரத்தில் போடும் அய்ந்து நோய்த் தடுப்பூசியிலே கக்குவான் இருமலைத் தடுக்கும் மருந்து இருக்கிறது; அன்றிரவு காய்ச்சல் காயலாம், தொடை வீங்கலாம், பிள்ளை சிணுங்கும். செவிலியர் சொன்ன அளவு பாராசிட்டமால் சொட்டு, தாய்ப்பால், இரண்டு நாளில் சரி. வீங்கிய இடத்தைத் தேய்க்காதீர்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி சில வாரம் கழித்துக் கொப்புளமாகித் தழும்பாகும், அது இயல்பு. கடும் ஒவ்வாமை பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரக்கூடும். அது பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும். அதற்கு மருந்து அங்கேயே உண்டு. அதனால்தான் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்; பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து ஓடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் வலிப்பு, மூச்சுத் திணறல், மூன்று மணி நேரம் ஓயாத அழுகை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். சாதாரணச் சளி என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி முதலாளிமாருக்கு ஒரு சொல். ஊசி இலவசம். ஆனால் ஊசி போட்ட மறுநாள் இலவசமல்ல! பள்ளிபாளையத்திலே தறியோட்டும் தாய், காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எந்தத் தறியை ஓட்டுவாள்? தகப்பன் லாரியோடு வடநாட்டிலே. ஒருநாள் கூலி போனால் வாரச்சீட்டு நிற்கும், மளிகைக் கடன் நிற்கும். அவள் ஊசியைத் தள்ளிப்போடுவது மூடத்தனத்தால் மட்டுமல்ல, முடியாமையாலும்தான். அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். தறிப்பட்டறையிலும் வேண்டும், சேகோ ஆலையிலும் வேண்டும், கோழிப்பண்ணையிலும் வேண்டும். குஞ்சுக்குச் சொட்டு விடும் நாளில் ஆள் குறையாமல் பார்த்துக்கொள்கிறவர், அந்த ஆளின் பிள்ளைக்கு ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா? தொழிற்சங்கத் தோழர்கள் போனஸ் பேச்சோடு இதையும் மேசையிலே வைக்கட்டும்.

படிப்பகத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலே புதன்கிழமை ஊசி நாள். நாள் தவறிய பிள்ளைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். வருகிற புதனுக்கு உங்கள் தெருவில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைக்கு முறை என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். தகப்பன் லாரியில் போயிருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள்; ஆட்டோ ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.