இரும்பைக் கூட்டினால் மட்டும் பலம் வராது



நமது உயர்தர தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் சிலர், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து பைப்பால் ஒரு சின்னக் கார் செய்கிறார்கள். செசி முறுகுகிறது. மூன்று மூலைக்குக் கல் வைத்து நாலாவது மூலையை அமத்தினால் கீழே இறங்குகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் தடிப்பான பைப் போடுங்க தம்பி."

நாங்கள் உடன்படவில்லை. நாலு ஈர்க்கை ஆணி குத்திச் சதுரமாக்கித் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். குறுக்கே ஒரு ஈர்க்கை வையுங்கள், சரியாது. நமது வீட்டுக் கூரையும் முக்கோணத்தில்தான் நிற்கிறது. செசியிலும் சதுரமாக விட்ட இடங்களில் மூலைக்கு மூலை ஒரு பைப், அதுவும் மூட்டில் போய்ச் சேருமாறு. குறுக்குப் பைப் போட முடியாத, ஆள் ஏறும் இடத்தில் மூலைத் தகடு. தடிப்பை விட விட்டம் முக்கியம்: அதே தடிப்பில் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பாரம் இரண்டு மடங்குதான், வளையாத தன்மையோ ஏறத்தாழ எட்டு மடங்கு. நமது கடற்காற்றுக்கு பைப் உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும், முனைகளை அடைத்துவிட வேண்டும்.

இது விளையாட்டு வேலை அல்ல. கோயம்புத்தூரில் கரிவரதன் என்பவர் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் வடிவமைத்தார். 1995இல் விமான விபத்தில் காலமானார். அவர் பெயரிலுள்ள ஓடுபாதையில் இந்தியக் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களுடன் 'போர்முலா பாரத்' போட்டிக்கு வருகிறார்கள். பைப்பின் அளவும் முக்கோணங்களும் பரிசோதனையில் தேறாத கார் ஓட முடியாது. உள்ளே இருப்பது ஒரு பிள்ளையின் உயிர்.

நமக்கு என்ன குறை? தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பிள்ளைகள் விசையைக் கொப்பியில் படிக்கிறார்கள், வெல்டிங் பிடிக்கத் தெரியாது. பிரதான வீதியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் காக்காமாருக்குக் கை பேசும், ஆனால் அவர்களை நாம் ஒருநாளும் வகுப்புக்கு அழைத்ததில்லை. கட்டாருக்குப் போய் வெல்டிங் செய்தால் மதிக்கிறோம், ஊரில் செய்தால் "படிக்காதவன்" என்கிறோம்.

இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பைப் நாமாக இருப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்காகக் கடையைத் திறந்துவிட விரும்பும் காக்காமார் கீழே பதிவிடுங்கள். நாங்களே பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம், கண்ணாடியும் கையுறையும் சப்பாத்தும் போட்டு.