ஒருபுறம் பசுமைச் சுவர், மறுபுறம் கல்குவாரி: ஆரவல்லி உணர்த்தும் நிலச்சீரழிவுக் கணக்கு

புது தில்லி: சீரழிந்த 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை 2030-ஆம் ஆண்டுக்குள் மீட்டெடுப்பதாக இந்தியா உறுதியளித்துள்ளது. 2019-இல் கிரேட்டர் நொய்டாவில் நடைபெற்ற ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டில், 2.1 கோடி ஹெக்டேராக இருந்த இலக்கை உயர்த்திப் பிரதமர் நரேந்திர மோடி இதனை அறிவித்தார்.

எனினும், இஸ்ரோவின் வரைபடத் தொகுப்பின்படி, 2003-05-இல் 9.45 கோடி ஹெக்டேராக இருந்த சீரழிந்த நிலம், 2018-19-இல் 9.78 கோடி ஹெக்டேராகப் பெருகியுள்ளது. இது நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதமாகும். ராஜஸ்தான், தில்லி, குஜராத் ஆகியவற்றில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு பாதிக்கப்பட்டுள்ளது. இம்மூன்றையும் ஹரியாணாவையும் தொட்டுச் செல்லும் ஆரவல்லி மலைத்தொடர், மீட்புக்கும் அழிவுக்கும் இடையிலான முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

தார் பாலைவனத்திலிருந்து வீசும் மணற்காற்றின் வேகத்தைத் தணிப்பவை இக்குன்றுகள். இவற்றின் பாறை வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீரே சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஆதாரம். கட்டுமானக் கல்லுக்காகக் குன்று உடைக்கப்படும்போது இவ்விரு பயன்களும் ஒருசேர மறைகின்றன. கல்தூள் விளைநிலங்களில் படிகிறது.

ராஜஸ்தானில் ஆய்வு செய்யப்பட்ட 128 குன்றுகளில் 31 முற்றிலும் மறைந்துவிட்டதாக 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதிர்ச்சியடைந்த நீதிமன்றம், 115.34 ஹெக்டேரில் நடைபெற்ற சட்டவிரோதச் சுரங்கப் பணிகளை 48 மணி நேரத்துக்குள் நிறுத்த உத்தரவிட்டது.

2023 மார்ச்சில், மலைத்தொடரைச் சுற்றி 5 கி.மீ. அகலத்துக்கு மரம் வளர்க்கும் 'ஆரவல்லி பசுமைச் சுவர்' திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. ஆனால், 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வரையறை, சுற்றுப்புற நிலமட்டத்திலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தவற்றையே ஆரவல்லிக் குன்றுகளாகக் கருதியது. தாழ்ந்த குன்றுகள் பாதுகாப்பை இழக்கும் என்ற எதிர்ப்பு வலுத்ததையடுத்து, டிசம்பர் இறுதியில் நீதிமன்றமே அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது.

மரக்கன்றுகள் மண்ணைப் பிடித்து வைக்கலாம். தரைமட்டமாக்கப்பட்ட குன்றை மீண்டும் எழுப்ப இயலாது. ஒரு நிலத்தை மீட்கும் செலவைவிட, அதனைச் சீரழியாமல் காக்கும் செலவு குறைவு. ஐ.நா. வலியுறுத்தும் 'நிலச்சீரழிவு சமநிலை' என்ற கோட்பாடும், மீட்கப்பட்ட நிலத்தோடு புதிதாக இழந்த நிலத்தையும் கணக்கில் கொள்கிறது. நட்ட பரப்பை மட்டும் கூட்டி, உடைத்த பரப்பைக் கழிக்காவிட்டால், 2030-இல் இலக்கு ஏட்டளவில் எட்டப்படலாம். சீரழிந்த நிலம் குறைந்திருக்காது.