நமது முகவரி நமதாயிருத்தல் வேண்டும்

வாடகை வீட்டை விட்டு வேறு வீட்டிற்குக் குடிபோகின்றவன் தன் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வண்டியிலேற்றிச் செல்லலாம். கதவிலக்கத்தை மட்டும் பெயர்த்தெடுத்துச் செல்லுதல் இயலாது. தபாற்காரனும் சில காலம் பழைய வாயிலிலேயே நின்று கூவுவான். உலகியலில் இங்ஙனமிருக்க, கணினியுலகிலோ முகவரியைக் கையோடு கொண்டுசெல்லும் வழி ஒன்று உளது. நம் கலாசாலையிற் பயின்று இப்பகுதித் தொழிற்சாலைகளிலும் ஸ்தாபனங்களிலும் கணினிப் பொறுப்பு வகிக்கும் பழைய மாணவர் பலராதலின், அவ்வழியைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இணையத்தோடு நேரே இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் ஒன்று வேண்டும். ஆம்பூரிலே காலணி செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையைக் கருதுவோம். அதன் கணக்கும் சரக்குப் பட்டியலும் முன்னர்த் தொழிற்சாலைக்குள்ளிருந்த கணினியில் இருந்தன. இப்பொழுது மும்பையிலோ ஐதராபாத்திலோ உள்ள மேகக்கணிமை நிலையத்தில் வாடகைக்கு இருக்கின்றன. சரக்கு வாங்கும் அயல்நாட்டு வியாபாரியின் கணினி, தான் முன்னரே அறிந்த எண்ணிலிருந்து வருவோர்க்கே கதவு திறக்கும். வாடகை நிலையத்தார் தந்த எண்ணைக் கொண்டிருப்போமாயின், நிலையத்தை மாற்றும் அன்றே எண்ணும் போய்விடும். வாங்குவோர், வங்கி, சுங்கத் தரகர் ஆகிய அனைவர்க்கும் எழுதி, அவர் திருத்தும்வரை காத்திருத்தல் வேண்டும். இவ்வச்சத்தாலேயே, கட்டணம் எவ்வளவு ஏறினும் பழைய இடத்தை விட்டகலாது கட்டுண்டு கிடப்பார் உளர். முகவரி பிறனுடையதாயின் சுதந்திரமும் பிறனுடையதே.

நான்காம் பதிப்பைச் சேர்ந்த ஐ.பி. எண்கள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. அவற்றின் உலகப் பொதுக் களஞ்சியம் 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ந்துபோயிற்று. அருமைப்பட்ட பொருளுக்கு விலை ஏறுதல் இயல்பு. அமேசான் நிறுவனம் 1-2-2024 முதல் தான் தரும் இவ்வகைப் பொது எண் ஒவ்வொன்றிற்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகின்றது. ஆண்டிற்கு ஏறத்தாழ 44 டாலர் ஆகும். வாடிக்கைக்காரர் தாமே கொண்டுவரும் எண்ணுக்கு இக்கட்டணம் இல்லை.

ஆயினும், கொண்டுவருவதற்கு முன் ஆயத்தம் செய்தல் வேண்டும். முதலாவது, எண்தொகுதி பதிவகத்தில் ஸ்தாபனத்தின் பெயரால் பதிவாகியிருத்தல் வேண்டும். நம் தேசத்திற்கு ஐ.ஆர்.ஐ.என்.என். என்னும் பதிவகமும், ஆசியா பசிபிக் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள அப்னிக் என்னும் பதிவகமும் உள. அமேசான் நிறுவனம் தனி மனிதர் பெயரிலுள்ள தொகுதியை ஏற்பதில்லை. இணையத்தில் அறிவிக்கப்படும் நான்காம் பதிப்புத் தொகுதி 256 எண்களுக்குக் குறைந்ததாயின் அதனையும் ஏற்பதில்லை. இரண்டாவது, இத்தொகுதியை இன்ன வலையமைப்பு உலகுக்கு அறிவிக்கலாம் என்று பதிவகத்தின் வழியே கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு ஒன்று வெளியிடல் வேண்டும். மூன்றாவது, தொகுதி நம்முடையதே என்பதற்குச் சான்று காட்டல் வேண்டும்: சான்றிதழைப் பதிவேட்டிற் பொறித்து, அதற்கிணையான மறைதிறவால் ஒரு செய்தியிற் கையொப்பமிட்டு அனுப்புதல் அமேசானின் முறை, ஏனைய நிலையத்தார் முறை சிறிது வேறுபடும். நான்காவது, புதிய இடத்திலிருந்து அறிவிக்கும் முன் பழைய இடத்து அறிவிப்பை நிறுத்தல் வேண்டும். இல்லையேல் செய்திகள் இரு வழியிற் பிரிந்து தடுமாறும்.

அனுமதிச் சீட்டை வீண் சம்பிரதாயம் என்று எண்ணற்க. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், பாகிஸ்தான் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் நாட்டிற்குள் யூடியூபைத் தடுக்க முயன்று, அதன் எண்களைத் தனதேபோல் அறிவித்தது. அவ்வறிவிப்பு எல்லை கடந்து பரவ, உலகின் பல பாகங்களிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூப் கிட்டாது போயிற்று. உரியவர் யாரென்று எழுதிவைத்தாலன்றி, உரத்துக் கூவுபவனையே உலகம் நம்பிவிடும் என்பது இதனால் விளங்கும்.

எண்ணின் பூர்வ சரித்திரமும் ஆராயத்தக்கது. பச்சைத் தோலின் வடுவும் கீறலும் மயிர் களைந்த பின்னரே தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதை இப்பகுதியார் அறிவர். எண்ணும் அத்தகையதே. முன்பு அதனை வைத்திருந்தவன் மோசடி அஞ்சல் அனுப்பியிருப்பானாயின், பின் வந்தவனது நேர்மையான கடிதமும் குப்பையிற் சேரும். பாலாற்றை மாசுபடுத்திய தோற்பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் விதியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது. எண்களின் உலகிலோ மாசு செய்தவன் விற்றுவிட்டு அகல்வான், வாங்கியவன் துன்புறுவான். ஆகவே, விலை பேசுமுன் அவ்வெண்கள் தடைப்பட்டியல்களில் உளவோ என்று பார்த்தல் அறிவுடைமை.

இஃது அனைவர்க்கும் ஏற்றதோ எனின், அன்று என்போம். இரண்டொரு எண்களே தேவைப்படும் சிறு பட்டறைக்கு 256 எண்களும் ஆண்டுதோறும் பதிவகக் கட்டணமும் வீண் சுமை. அத்தகையோர் தமது தளப்பெயரைத் தம் பெயரிலேயே பதிவுசெய்து காத்தல் போதும். பெரிய ஏற்றுமதிச் சாலைகளும் மருத்துவமனைகளும் கலாசாலைகளுமோ, இருக்கும் தொகுதியைக் கைவிடாது பேணுதல் நன்று. இல்லாதவை எண் பஞ்சமில்லாத ஆறாம் பதிப்பிலேனும் தமக்கெனத் தொகுதி பெற முயலுதல் தகும்.

இறுதியாக ஒன்று. பல இடங்களிற் பதிவகக் கணக்கு ஓர் ஊழியரின் சொந்த அஞ்சலிலும், மறைதிறவு அவரது கணினியிலுமே கிடக்கும். அவர் வேலையை விட்டகன்றால், உரிமை ஏட்டில் இருக்கும். சாவி கையில் இராது. ஆதலின், மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் எந்த ஸ்தாபனத்திற் பணியேற்பினும், அதன் முகவரி யார் பெயரில் உளது, திறவு யார் கையில் உளது என்னும் இரண்டையும் முதல் வாரத்திலேயே வினவுங்கள். பெயர்ந்து செல்லவேண்டிய நாள் வந்தபின் ஆயத்தம் செய்தல், வெள்ளம் வந்தபின் அணை கோலுதலையே ஒக்கும்.